ஜெராக்ஸுக்குள் ஓர் அடுப்பு

ஒளிக்கும் மின்சாரத்துக்கும் கிடைத்த பெயர் சூட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நகல் இயந்திரத்தைத் தீப்பிடிக்க வைத்ததும், மின்சாரத்தை விழுங்குவதும், எழுத்தைத் தாளில் நிலைக்க வைப்பதும் அதுதான்.

ஜெராக்ஸ் கடையில் வாங்கும் நகல் எப்போதும் சூடாக இருக்கும். நாள் முழுக்க ஓடும் இயந்திரம் சூடாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு நடப்பவர்கள்தான் அதிகம். அது ஓடிய களைப்பு அல்ல. இரண்டு மூன்று விநாடிகளுக்கு முன்பு வரை அந்தத் தாளில் இருந்தது எழுத்தே இல்லை, வெறும் கரும்பொடி. ஊதினால் பறந்திருக்கும். அதை எழுத்தாக்கியது, இயந்திரத்தின் வாயருகே மூடிக்குள் சுழன்றுகொண்டிருக்கும், 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் ஓர் உருளை.

சந்தேகம் இருப்பவர்கள், தாள் நடுவழியில் சிக்கிக்கொள்ளும் நாளுக்குக் காத்திருக்கலாம். கடைக்காரர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தாளை உருவி எடுப்பார். எல்லா எழுத்தும் இருக்கும். கட்டை விரலை வைத்து இழுத்தால் ஒரு பத்தி முழுவதும் விரலோடு வந்துவிடும். அது உருளையைப் பார்க்காத தாள்.

அந்த இடத்துக்கு வருமுன் நடப்பவை எல்லாம் நாசூக்கான வேலைகள். ஓர் உருண்டை டிரம்மின் மேல் மின்னூட்டம் பரப்பப்படுகிறது. மூலப் பிரதியின் வெள்ளைப் பகுதிகளில் பட்டுத் திரும்பும் ஒளி டிரம்மில் விழுந்த இடங்களில் மின்னூட்டம் கலைந்துபோகிறது. கறுப்பு எழுத்துக்கு நேரான இடத்தில் மட்டும் அது தங்குகிறது. சீப்பில் காகிதத் துண்டு ஒட்டுவதுபோல டோனர் பொடி அங்கே போய் ஒட்டுகிறது; பிறகு எதிர் மின்னூட்டம் பெற்ற தாளுக்குத் தாவுகிறது. இதுவரை எதுவும் நிரந்தரம் இல்லை. நிரந்தரமாக்கும் கட்டம் மட்டும் முரட்டுத்தனமானது: உருக்கு, அழுத்து, அனுப்பு.

பெயர் வைத்தவர்களும் இந்தக் கட்டத்தை மறந்துவிட்டார்கள். 'ஜெரோகிராஃபி' என்ற சொல்லுக்குக் கிரேக்க வேரின்படி 'உலர் எழுத்து' என்று பொருள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரேக்க, லத்தீன் பேராசிரியர் ஒருவர் சொன்ன யோசனை அது. தமிழில் 'ஒளிநகல்' என்றார்கள். கிரேக்கச் சொல் ஈரமின்மையைப் பாராட்டுகிறது, தமிழ்ச் சொல் ஒளியை. சூடு இரண்டிலும் இல்லை. மக்களோ இரண்டையும் சட்டை செய்யாமல் ஒரு கம்பெனியின் பெயரையே பொதுச்சொல்லாக்கிக் கொண்டார்கள். அந்தக் கம்பெனி 1983ல் மோடி குழுமத்தோடு கைகோத்து மோடி ஜெராக்ஸ் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் ஆலை அமைத்தது. உள்ளே இருப்பது கேனானோ, ரிக்கோவோ, கடைப் பலகையில் 'ஜெராக்ஸ்' என்றுதான் இருக்கும்.

சூட்டின் பங்கு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு மின்கருவிக் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். இயற்பியல் பட்டதாரி, இரவில் சட்டம் படித்தவர். காப்புரிமை ஆவணங்களுக்குப் பிரதிகள் போதாமல் போவது அன்றாடத் தொல்லை. கையால் எழுதி எடுக்கலாம் என்றால் மூட்டுவாதம். குவீன்ஸ் பகுதியின் ஆஸ்டோரியாவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த இயற்பியலாளர் ஆட்டோ கோர்னேயை உதவிக்கு வைத்துக்கொண்டார். 1938 அக்டோபர் 22 அன்று இருவரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினார்கள். தேதியும் ஊரும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். லைகோபோடியம் என்ற தாவரத்தின் வித்துப் பொடியைத் தூவி ஊதியபோது '10-22-38 ஆஸ்டோரியா' என்ற எழுத்துகள் தகட்டில் நின்றன.

பாடப் புத்தகங்கள் கதையை இங்கே முடித்துவிடும். ஆனால் தகட்டில் நிற்கும் பொடி நகல் ஆகாது. கார்ல்சன் அதன்மேல் ஒரு மெழுகுத் தாளை அழுத்தி எடுத்தார், பிறகு அந்தத் தாளைச் சூடாக்கினார். மெழுகு இளகிப் பொடியைப் பிடித்துக்கொண்டது. கவனிக்க வேண்டிய விஷயம்: உருகியது பொடி அல்ல, தாளில் இருந்த மெழுகு. சாதாரணத் தாளில் நகல் எடுக்க வேண்டுமானால் ஏற்பாடு தலைகீழாக மாற வேண்டும். தாள் சும்மா இருக்க வேண்டும், பொடி உருக வேண்டும்.

இதைச் செய்து பார்க்க யாரும் முன்வரவில்லை. ஐ.பி.எம்., ஜெனரல் எலெக்ட்ரிக் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கார்ல்சனைத் திருப்பி அனுப்பின. 1944ல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் உள்ள பட்டேல் ஆய்வு நிறுவனம்தான் கை கொடுத்தது. சூட்டில் உருகும் பிசினோடு கரியைக் கலந்து அரைத்த பொடி அங்கே உருவாயிற்று. இன்றைய டோனரின் மூதாதை அது. ராச்செஸ்டர் நகரின் ஹாலாய்டு என்ற சிறிய புகைப்படத் தாள் கம்பெனி உரிமத்தை வாங்கியது. பின்னாளில் ஜெராக்ஸ் என்று பெயர் மாறியது அதுதான். 1949ல் அது விற்பனைக்கு விட்ட முதல் இயந்திரத்தில் எல்லாமே கைவேலை. பொடி படிந்த தாளை எடுத்து, ரொட்டி சுடுவதுபோல ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்து எடுக்க வேண்டும்.

கைவேலையாக இருந்தவரை ஆபத்தில்லை, தாள் கருகுமுன் ஆள் எடுத்துவிடுவார். பொத்தானை அழுத்தினால் போதும் என்ற '914' மாதிரி வந்தபோதுதான் வினை. 294 கிலோ எடையுள்ள அந்த இயந்திரம் 1959 செப்டம்பர் 16 அன்று நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் மக்கள் பார்வைக்கு வந்தது. காட்சிக்கு வைத்த இரண்டில் ஒன்று தீப்பிடித்துக்கொண்டது. மற்றது ஒழுங்காக ஓடிக் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியது.

காரணம் எளிமையானது. அந்த இயந்திரத்தில் தாளின் மேல் எதுவும் படாமல், பழுக்கக் காய்ந்த சூடேற்றியின் அனலில்தான் பொடி உருகியது. தாள் நகர்ந்துகொண்டே இருந்தால் சரி, சிக்கி நின்றுவிட்டால் கருகும். சாதாரணத் தாள் பற்றிக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே ஒரு சிறு தீயணைப்பானையும் சேர்த்தே கொடுக்க முடிவாயிற்று. 'தீ' என்ற சொல்லைக் கேட்டால் யார் வாங்குவார்கள் என்று விற்பனைப் பிரிவு கவலைப்பட்டது. அதனால் அதற்கு வைத்த பெயர் 'கருகல் நீக்கி'. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர், தன் அலுவலக இயந்திரம் நான்கே மாதங்களில் மூன்று முறை தீப்பிடித்ததாகப் புகார் சொன்னார். ஆனாலும் 914 விற்ற விற்பனையில் ஹாலாய்டு உலகக் கம்பெனி ஆயிற்று.

அனலுக்குப் பதில் பிறகு வந்ததுதான் இன்று பெரும்பாலான இயந்திரங்களில் உள்ள ஏற்பாடு. உள்ளே ஹாலஜன் விளக்கு எரியும் டெஃப்லான் பூசிய உருளை ஒன்று, அதை அழுத்திக்கொண்டு சுழலும் சிலிகான் ரப்பர் உருளை இன்னொன்று. கரும்பு ஆலையில் கரும்பு போவதுபோல இரண்டுக்கும் நடுவே தாள் போகிறது. ரப்பர் சற்று நசுங்குவதால் இரண்டும் சேரும் இடம் சில மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நிமிடத்துக்கு 20 பக்கம் தள்ளும் இயந்திரத்தில், தாளின் எந்த ஒரு புள்ளியும் அந்த இடுக்கில் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் பொடி இளகி, பரவி, தாளின் நாருக்குள் இறங்கி, வெளியே வந்ததும் இறுகிவிட வேண்டும்.

இதில் பதம்தான் எல்லாம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். சூடு குறைந்தால் பொடி பாதி வெந்து மேலோட்டமாக ஒட்டும், நகத்தால் சுரண்டினால் உதிரும். சூடு மிஞ்சினால் அதைவிட மோசம். பாகு நீர்த்துப்போய்ப் பாதி தாளிலும் பாதி உருளையிலும் தங்கும். உருளை அடுத்த சுற்று வரும்போது மிச்சத்தை அதே தாளின் கீழ்ப் பகுதியில் பூசும்: மேலே 'அனுப்புநர்' என்று இருந்தால் சில அங்குலம் கீழே மங்கலாக இன்னொரு 'அனுப்புநர்'. கடைகளில் இதை 'நிழல் விழுகிறது' என்பார்கள். உருளையில் எழுத்து ஒட்டாமல் இருக்க, பழைய இயந்திரங்கள் பலவற்றில் சிலிகான் எண்ணெய் தடவும் ஏற்பாடு உண்டு. தோசைக் கல்லில் எண்ணெய் தேய்ப்பதற்கு என்ன காரணமோ அதேதான். பின்னால் டோனர் மணிக்கு உள்ளேயே துளி மெழுகைப் பொதிந்து வைத்தார்கள். அழுத்தத்தில் அது கசிந்து உருளையை வழுக்க வைக்கிறது, எண்ணெய் தேவையில்லை. கார்ல்சன் தாளில் வைத்த மெழுகு, சுற்றி வளைத்துப் பொடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

டோனருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மே மாதத்து நாக்பூரில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போது கிடங்கில் கிடக்கும் பொடி கட்டி தட்டக்கூடாது. அதே பொடி உருளைக்கு நடுவே கண் சிமிட்டும் நேரத்தில் உருக வேண்டும். இதனால்தான் பெரும்பாலான டோனர்களின் பிசின் 50, 60 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும்படி அமைக்கப்படுகிறது. அந்த எல்லையைக் கீழே இறக்கினால் மின்சாரம் மிச்சமாகும், சரக்கு கட்டியாகும். டோனர் வேதியியலில் பாதிச் சண்டை இந்தச் சில டிகிரிகளுக்காகத்தான்.

கணினி அச்சு வந்தபோது ஒளியின் பகுதி அடியோடு மாறியது. ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், விளக்கொளிக்குப் பதில் லேசர் கதிரால் டிரம்மில் எழுதலாம் என்று காட்டினார். 1977ல் வந்த ஜெராக்ஸ் 9700 நிமிடத்துக்கு 120 பக்கம் தள்ளியது; 914 தள்ளியது ஏழு. 1984ல் எச்.பி. லேசர்ஜெட், கேனானின் இயந்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டு மேஜை மேலேயே வந்து உட்கார்ந்தது. அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. வேறு வழிகளையும் முயன்று பார்த்தார்கள்: கரைப்பான் ஆவியில் பொடியை இளக்குவது, செனான் விளக்கைப் பளிச்சென்று அடித்து உருக்குவது, சூடே இல்லாமல் எஃகு உருளைகளால் நசுக்கி ஒட்டுவது. முதலாவது நாற்றமும் நஞ்சும். மூன்றாவதில் எழுத்து பளபளக்கும், தேய்த்தால் போய்விடும். செனான் முறை பெரிய, வேகமான இயந்திரங்களோடு நின்றுவிட்டது.

அடுப்பின் பெரிய குறை வீண்செலவு. ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். சாதாரணக் கடிதத்தில் எழுத்தாக அமரும் டோனர் ஒரு கிராமில் நூறில் சில பங்கு. இந்தத் துளியை உருக்க, அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் எடையுள்ள தாளையும், தாளுக்குள் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. கடுகு தாளிக்க அண்டாவைக் காய வைக்கிற கதைதான். லேசர் அச்சு இயந்திரம் செலவிடும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒரு பாகத்துக்கே போகிறது.

இதன் விளைவை இந்தியச் சிறு நகரங்கள் நன்றாக அறியும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கடையின் டியூப் லைட் மினுக்கும். ஹாலஜன் விளக்கு ஒவ்வொரு முறை எரியும்போதும் திடீரென்று இழுக்கும் மின்சாரம்தான் காரணம். கம்ப்யூட்டருக்கு வாங்கிய சிறிய யூ.பி.எஸ். இந்த இழுப்பைத் தாங்காது. மின்வெட்டு நாளில் கம்ப்யூட்டர் ஓடும், பிரிண்டர் ஓடாது. வோல்ட்டேஜ் குறைந்தால் 'சற்றுப் பொறுங்கள்' விளக்கு அணைய மறுக்கும். பருவமழையில் நமுத்த தாளைப் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வாய் வழியே புகைபோலத் தெரியும். சூட்டில் ஒரு பங்கை ஈரம் தின்றுவிடுவதால் எழுத்து அரைவேக்காடு. தாளும் சுருண்டு அடுத்த திருப்பத்தில் சிக்கும். தாள் கட்டை விளக்கடியில் வைத்துச் சூடேற்றிப் போடுவதும், பிரித்த கட்டைப் பாலிதீன் உறையில் சுற்றி வைப்பதும் மழைக்கால வழக்கங்கள்.

டெல்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் டெஃப்லான் உருளை, பிரஷர் ரோலர், விளக்கு, வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். நகல் இயந்திரத்தில் சீக்கிரம் தேயும் பாகங்களில் இவை அடக்கம் என்பதால் இந்த வியாபாரத்துக்கு ஓய்வே இல்லை. இரண்டு விஷயங்கள் உருளையின் ஆயுளைக் குறைக்கும். ஒன்று, ஸ்டேப்ளர் பின்னோடு போகும் தாள்; டெஃப்லானில் கீறல் விழுந்தால் ஒவ்வொரு நகலிலும் அதே இடத்தில் கோடு. இரண்டாவது, சூடு தாங்காத பிளாஸ்டிக் தாள். கல்லூரிகளில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் கோலோச்சிய 1990களில், மலிவான தாளைக் கொடுத்து நகல் கேட்ட விரிவுரையாளர்களால் எத்தனையோ உருளைகள் வீணாயின. பாலியெஸ்டர் தாள் தாங்கும். மற்றவை உருளையைச் சுற்றிக்கொண்டு உருகிவிடும்.

தெர்மிஸ்டர் பொய் சொன்னால் காப்பாற்ற, தனியாக ஒரு வெப்பத் தடுப்பு சுவிட்சும் உண்டு. அது அற்பப் பொருள் அல்ல. 2011ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எச்.பி. பிரிண்டர் ஒன்றின் உள் மென்பொருளைத் தொலைவிலிருந்தே மாற்றி ஃப்யூசரைத் தொடர்ந்து சூடேற வைத்துக் காட்டினார்கள். தாள் பழுப்பேறிப் புகைந்தது. தீப்பிடிக்குமுன் அந்தச் சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்திவிட்டது. மென்பொருளால் அதை மீற முடியாது என்று எச்.பி. பதில் சொன்னது. சுவிட்ச் கெட்டுப்போனால் சிக்கனம் கருதி வயரை நேராக இணைத்துவிடும் மெக்கானிக்கை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தீயைவிட மெதுவான கவலை காற்று. 2007ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லிடியா மொராவ்ஸ்காவின் குழு 62 பிரிண்டர்களைச் சோதித்தது. அவற்றில் 17, நுண்துகள்களை மிக அதிகமாக வெளியிட்டன. டோனர் பொடிதான் பறக்கிறது என்று முதலில் பலரும் நினைத்தார்கள். தொடர்ந்து நடந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்லின: காய்ந்த உருளையருகே டோனரிலிருந்தும் தாளிலிருந்தும் கிளம்பும் ஆவி, வெளிக்காற்றில் குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உறைகிறது. உருளையின் வெப்பம் சீராக இல்லாமல் ஏறி இறங்கினால் துகளும் கூடுகிறது. ஜெர்மனியின் 'நீல தேவதை' சுற்றுச்சூழல் முத்திரை இத்தகைய துகள்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் நாளுக்கு நாலு பக்கம் எடுப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில், இரண்டு பழைய இயந்திரங்களுக்கு நடுவே பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணின் நிலைமை வேறு. அந்த மாதிரிக் கடைகளில் இயந்திரத்தின் சூட்டுக் காற்று வெளியேறும் பக்கம் பெரும்பாலும் சுவர்தான் இருக்கிறது. ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறியின் விலை, ஒரு டெஃப்லான் உருளையின் விலையைவிட அப்படியொன்றும் அதிகம் இல்லை.

இவ்வளவு தொல்லைக்கும் கிடைக்கும் பலன் என்ன? ஆயுள். டோனரில் உள்ள கரி மங்காது. ஒழுங்காக உருகிய எழுத்து, தாளின் நாரைப் பற்றிக்கொண்ட பிளாஸ்டிக். தண்ணீர் பட்டாலும் கரையாது. ஃபேக்ஸ் காலத்தில், வழவழப்பான தாளில் வந்த செய்தி சில மாதங்களில் வெளுத்துவிடும் என்று பயந்து அதை உடனே ஜெராக்ஸ் எடுத்து வைத்தார்கள். 2014ல் சுயசான்றொப்பம் போதும் என்று மத்திய அரசு சொன்ன பிறகு பச்சை மை அதிகாரியைத் தேடும் அலைச்சல் குறைந்தது. நகலின் தேவை குறையவில்லை.

அந்த ஆயுளுக்கும் எதிரிகள் உண்டு. ஒன்று, மடிப்பு: இறுகிய பிளாஸ்டிக் என்பதால் மடித்த கோட்டில் எழுத்து விண்டு உதிரும். மற்றது, பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை. வளையும் பி.வி.சி. உறையில், அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பசை போன்ற ரசாயனம் ஒன்று இருக்கிறது. அது மெல்லக் கசிந்து டோனரை இளக்கும். சில வருடம் கழித்து எடுத்தால் மதிப்பெண் பட்டியல் பாதி உறையின் உட்புறத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒட்டியிருக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பலின் உறையில் இந்த ஆபத்து இல்லை. கடையில் கேட்டு வாங்கலாம். முகர்ந்து பார்த்துப் புது மழைக்கோட்டு நாற்றம் அடித்தால் வேண்டாம்.

அடுப்பைச் சின்னதாக்கும் முயற்சிகள் ஓயவில்லை. 1990களின் தொடக்கத்தில் கேனான், கனத்த உருளையைத் தூக்கிவிட்டு, ஒரு பீங்கான் சூடேற்றியின் மேல் மெல்லிய ஃபிலிம் சுழலும்படி அமைத்தது. சில விநாடிகளில் காய்ந்து, வேலை முடிந்ததும் ஆறிவிடும். காலையில் கடை திறந்து இயந்திரம் 'காய' ஐந்து நிமிடம் காத்திருந்த வழக்கம் சிறிய பிரிண்டர்களில் மறைந்தது. டோனர் மணிகளையும் அரைப்பதற்குப் பதில் ரசாயன முறையில் வளர்த்து 5, 6 மைக்ரான் அளவுக்குச் சிறிதாக்கினார்கள். சின்ன மணி, குறைந்த பொடி, குறைந்த சூடு.

ஜப்பானின் எப்சன், இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை என்று முடிவு செய்துவிட்டது. லேசர் பிரிண்டர் விற்பனையை 2026க்குள் உலகம் முழுவதும் நிறுத்திவிடுவதாக 2022ல் அறிவித்தது. சூடே தேவைப்படாத இங்க்ஜெட்தான் எதிர்காலம், மின்சாரம் மிச்சம் என்பது அதன் வாதம். மின்சாரக் கணக்கில் தப்பில்லை. இந்திய வீடுகளில் இங்க்-டேங்க் பிரிண்டர்கள் பெருகியதற்கும் மலிவுதான் காரணம். ஆனால் அவற்றில் பலவற்றின் வண்ண மை நீரில் கரைவது. ஜூன், ஜூலையில் கல்லூரிச் சேர்க்கைக்கு வரிசையில் நிற்பவர்கள் மழையில் நனைகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் நகலும் நனைகிறது. கடைக்காரர்கள் சான்றிதழுக்கு லேசரையும், வண்ணப் படத்துக்கு இங்க்ஜெட்டையும் ஓடவிடுகிறார்கள். மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் லேசர் நகலுக்கு மட்டும் ஐம்பது காசு கூட்டலாமா என்று யோசிக்கிறார்கள்.